ஏ. ஜெயரத்தினம் வில்சன் (1928–2000)

இலங்கைத் தமிழ் அரசறிவியலாளர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1972இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் சென்றார். கிளர்ச்சியைவிட அரசியலமைப்புச் சீர்திருத்தத்தையே நம்பிய அவர், 1978 முதல் வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சி ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனாவின் ஆலோசகரானார். தமிழரசுக் கட்சியின் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மருமகன் என்பதால் தமிழ்த் தலைவர்களோடும் அவரால் மனம்விட்டுப் பேச முடிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கான 1979 ஆணைக்குழுவிலும் உறுப்பினர். 1981இல் சபைகள் வந்தன. ஆனால் நிதியும் அதிகாரமும் கொழும்பிலேயே தங்கின. அவர் உழைப்புக்கு நேர்ந்த பெரும் அநீதி அதுவே. 1983 இனக்கலவரத்தோடு அரசுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையிலான அவரது சமரச முயற்சி முறிந்தது. ஜனாதிபதி ஆட்சிமுறையை ஆராய்ந்து 1980இல் நூல் எழுதியவர், 1988இல் நாட்டின் உடைவைப் பற்றி எழுதினார்.