இறைச்சி நஞ்சான வரலாறு: ஈரல் பழுதுற்ற நாய்க்குட்டியின் உணவு முறை உருவான விதம்

பிறவியிலேயே கல்லீரலுக்குள் இரத்தம் சரிவரப் பாயாததால் ஈரல் வளராமல் சிறுத்துப்போன நாய்க்குட்டியை வளர்க்கும் வீடுகளில் இன்று ஓர் உணவு ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகிறது. ஒரே வேளையில் வயிறு நிறைய வைக்காமல் நாளொன்றுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாக வைப்பதும், ஆடு மாடுகளின் இறைச்சியைக் குறைத்துப் பால்பொருள், முட்டை, சோயா ஆகியவற்றிலிருந்து புரதம் தருவதும், லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கடைவாய் ஓரமாக ஊட்டுவதும் அந்த ஒழுங்கின் முக்கியக் கூறுகள். கால்நடை மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் இவ்விதிகள் அண்மைக்கால ஆய்வுகளில் பிறந்தவை போலத் தோன்றினாலும், இவற்றுள் தலையாய விதி, அதாவது ஈரல் பழுதான நாய்க்கு இறைச்சி ஆகாது, பால் ஆகும் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஆய்வுக்கூடங்களில் நாய்கள் பட்ட துன்பத்திலிருந்து கிடைத்தது. அந்தப் பாடத்தின் ஒரு பாதியை மட்டுமே மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தது என்பதும், மறந்த பாதிக்கு நோயுற்ற நாய்களே விலை கொடுத்தன என்பதும் இந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டியதாக்குகின்றன.

குடலிலிருந்து வெளியேறும் இரத்தம் நேராக இதயத்துக்குச் செல்வதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை என்னும் பெரிய குழாயின் வழியே அது முதலில் ஈரலுக்குள் நுழைந்து, அங்கே வடிகட்டப்பட்ட பிறகே கீழ்ப்பெருஞ்சிரையை அடைந்து இதயத்துக்குத் திரும்புகிறது. புரதம் செரிக்கும்போது, சிறப்பாகப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களின் செயலால், அம்மோனியா உண்டாகிறது. மூளைக்கு நஞ்சான அதனைத் தீங்கற்ற யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிய விடுவது ஈரலின் தலையாய பணிகளுள் ஒன்று. தாயின் வயிற்றிலிருக்கும் குட்டிக்கு இந்த வேலையைத் தாயின் உடலே செய்துவிடுவதால், குட்டியின் ஈரலுக்குள்ளேயே வடிகட்டலைத் தவிர்த்துச் செல்லும் ஒரு புறவழி அப்போது திறந்திருக்கும். பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்ள வேண்டிய அந்த வழி சில குட்டிகளில் மூடாமலே நின்றுவிடுகிறது. வேறு சில குட்டிகளில், பெரும்பாலும் யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறிய இனங்களில், ஈரலுக்கு வெளியே புதியதொரு குழாய் கருவிலேயே தவறாக அமைந்துவிடுகிறது. மருத்துவர்கள் இரண்டையும் ஷன்ட் என்றே அழைக்கின்றனர். இரத்தம் புறவழியே போய்விடுவதால் ஈரலுக்கு ஊட்டம் குறைகிறது, அம்மோனியாவும் மூளையைச் சென்றடைகிறது.

இயற்கை தவறாக அமைத்த இதே புறவழியை, அப்படி ஒரு நோய் நாய்களில் உண்டு என்று யாரும் அறிந்திராத காலத்தில், மனிதக் கை வேண்டுமென்றே அமைத்தது. 1877ஆம் ஆண்டில் நிக்கொலாய் எக் என்ற ரஷ்ய இராணுவ மருத்துவர், ஈரலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு வயிற்றில் நீர் கட்டும் மகோதர நோயாளிகளுக்கு ஒரு வழி காணும் நோக்கத்துடன் எட்டு நாய்களில் அறுவை செய்தார். போர்ட்டல் சிரையையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, இரண்டுக்கும் இடையிலிருந்த சுவரைத் திறந்து, ஈரலுக்குச் செல்லும் கிளையை நூலால் கட்டிவிடுவது அவர் கண்ட முறை. ஏழு நாய்கள் சில நாள்களுக்குள் இறந்தன. எட்டாவது நாய் இரண்டரை மாதம் உயிரோடிருந்து, பின்னர் ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி ஓடிவிட்டது. அந்த ஒற்றை நாயைச் சான்றாகக் கொண்டு, இரத்தத்தை இவ்வாறு திருப்பிவிடுவதால் உடலுக்கு ஆபத்தில்லை என்ற முடிவுக்கு எக் வந்தார். ஓடிப்போன நாய் அதன் பிறகு என்ன தின்றது, எப்படி வாழ்ந்தது என்று அறிய வழியில்லாத நிலையில் அந்த முடிவு அவசரமானது. ஆயினும் அவர் அமைத்த இணைப்பு எக் புறவழி என்ற பெயரிலேயே மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது.

அம்முடிவு தவறு என்பதைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நிறுவியவர்கள், அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1890இல் தோன்றிய பரிசோதனை மருத்துவக் கழகத்தில் பணியாற்றிய இவான் பாவ்லோவும், வேதியியலாளர் மார்செலி நென்ஸ்கியும், அவர்களுடைய இணைப் பணியாளர்களான ஹான், மாசென் இருவரும் ஆவர். மணியோசைக்கு உமிழ்நீர் சுரக்கும் நாய்களோடு மட்டுமே பாவ்லோவின் பெயரைச் சேர்த்து நினைக்கும் வாசகர்கள், 1904இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தவை செரிமான ஆய்வுகள் என்பதையும், அவர் கையில் அறுவைக் கத்தி அபூர்வமான தேர்ச்சியோடு இயங்கியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். எக் செய்த அறுவையை அவர் மேலும் செம்மைப்படுத்தியதால் கணிசமான நாய்கள் பிழைத்தன. பிழைத்தவை நெடுநாள் வாழ்ந்ததால்தான் முன்பு யாரும் காணாத ஒன்று கண்ணில் பட்டது.

1892, 1893ஆம் ஆண்டுகளில் வெளியான அவர்களுடைய ஆய்வறிக்கை விவரிக்கும் காட்சி இன்று ஈரல் பழுதான குட்டியை வளர்ப்பவர் எவருக்கும் உடனே அடையாளம் தெரியும். பாலும் ரொட்டியும் தின்றவரை நாய்கள் ஓரளவு நலமாக நடமாடின. இறைச்சி தின்ற பிறகு குணம் மாறியது: சாதுவாக இருந்தவை முரண்டு பிடித்தன, அருகில் வந்தவரைக் கடிக்கப் பாய்ந்தன, பிறகு கால்கள் பின்னித் தள்ளாடின, கண் தெரியாமல் பொருள்களில் முட்டிக்கொண்டன, வலிப்பு வந்து நினைவிழந்தன. தேறியவற்றுள் சில, அடுத்த முறை இறைச்சியை வைத்தபோது வாய் வைக்க மறுத்தன. இறைச்சி நஞ்சேற்றம் என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டனர். குற்றம் கார்பமிக் அமிலத்தினுடையது என்று அவர்கள் முதலில் கருதினாலும், நென்ஸ்கியின் குழுவினர் அடுத்த சில ஆண்டுகளில் இரத்தத்தில் அம்மோனியாவை அளந்து, குடலிலிருந்து வரும் இரத்தத்தில் அது மிகுந்தும் ஈரலைக் கடந்த இரத்தத்தில் குறைந்தும் இருப்பதைக் கண்டனர். அந்த அம்மோனியா ஈரலுக்குள் யூரியாவாக மாறும் வேதியியல் சுழற்சியை 1932இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் கண்டுபிடித்தனர்.

எக் கனவு கண்டபடியே அந்த அறுவை 1940களில் மனிதர்களுக்குப் பரவலாகச் செய்யப்பட்டபோது, நாய்களில் கண்ட துன்பம் மனிதரிடமும் தலைகாட்டியது. பாஸ்டனைச் சேர்ந்த மெக்டெர்மட்டும் ஆடம்ஸும் 1954இல் வெளியிட்ட கட்டுரை, புற்றுக்காகச் செய்த அறுவையில் போர்ட்டல் சிரை திருப்பிவிடப்பட்ட ஒருவர் புரதம் உண்டபோதெல்லாம் மயங்கிக் கிடந்ததை அம்மோனியாவோடு தொடர்புபடுத்தி விளக்கியது. இதன் பிறகே ஈரல் நோயில் வரும் மூளைத் தடுமாற்றத்துக்குப் புரதத்தைக் கடுமையாகக் குறைப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. 1970களில் பிறவி ஷன்ட் உள்ள குட்டிகள் கால்நடை மருத்துவ இதழ்களில் முறையாக விவரிக்கப்பட்டபோது, அவற்றுக்கும் அதே கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

பாதிப் பாடம் மறக்கப்பட்டது இங்கேதான். பாவ்லோவின் நாய்கள் புரதமே இல்லாமல் வாழவில்லை. பாலில் புரதம் உண்டு. ராபர்ட் காண்டன் 1971இல் வெளியிட்ட ஆய்வில், எக் புறவழி அமைக்கப்பட்ட நாய்களுள் பாலைப் புரதமாகப் பெற்றவை இறைச்சி தின்றவற்றைவிட நலமாகவும் நெடுநாளும் வாழ்ந்தது மீண்டும் உறுதிப்பட்டது. புரதம் எவ்வளவு என்பதைப் போலவே எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம் என்பதே இவ்விரு ஆய்வுகளின் சாரம். இதைக் கருதாமல் எல்லாப் புரதத்தையும் ஒரேயடியாகக் குறைத்தபோது, வளரும் குட்டிகளின் தசை கரைந்தது. ஈரலுக்கு அடுத்தபடியாக அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் உறுப்பு தசையே ஆதலால், மூளையைக் காக்கப் போட்ட பத்தியம் மூளைக்கே தீங்காக முடிந்தது. மூளைத் தடுமாற்றம் வெளிப்படாத குட்டிக்குப் புரதத்தைத் தேவையின்றிக் குறைக்கலாகாது என்று இன்றைய மருத்துவர்கள் வலியுறுத்துவது, உண்மையில் பாலும் ரொட்டியும் வைத்த பழைய கிண்ணத்துக்குத் திரும்பும் செயலே. நாய்க்குப் பால்சோறு வைத்துப் பழகிய தமிழ் வீடுகளுக்கு அந்தக் கிண்ணம் அயலானது அன்று. எனினும் குட்டி வளர வேண்டிய புரத அளவைப் பால்சோறு மட்டும் ஈடுசெய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லாக்டுலோஸ் இந்தக் கிண்ணத்தின் அருகே வந்து சேர்ந்தது 1966இல். சுவிட்சர்லாந்தின் பிர்ச்சரும் உடன் பணியாற்றியவர்களும் மனித நோயாளிகளுக்கு அதைத் தந்து பயன் கண்டனர். பால் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் இந்த இனிப்பைச் சிறுகுடலால் செரிக்க இயலாது. பெருங்குடலை அடைந்து நுண்ணுயிர்களால் புளித்து அமிலமாகும்போது, அங்குள்ள அம்மோனியா இரத்தத்தில் கலக்க முடியாத அம்மோனியமாக மாறி மலத்தோடு வெளியேறுகிறது. அதனால்தான் இம்மருந்து பெறும் குட்டியை வளர்ப்பவர்கள் அதன் மலத்தை நாள்தோறும் கவனிக்கின்றனர்: இளகலாக, ஆனால் நீராகப் போகாமல், நாளுக்கு இரண்டு மூன்று முறை போனால் அளவு சரி, ஒரு நாள் மலம் கட்டினாலும் மறுநாள் குட்டி சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கக்கூடும். குடலுக்குள் இரத்தம் கசிந்தாலும் இறைச்சி தின்றதற்கு ஒப்பான விளைவே நேரும் என்பதால், மலம் தார்போல் கறுத்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் முக்கி முக்கிச் சொட்டுவதும் கவனிக்க வேண்டிய அடையாளம்; ஈரல் மாற்றத் தவறிய அம்மோனியாவும் யூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீர்ப்பையில் கற்களாவது இந்நோயில் உண்டு.

இயற்கையின் இந்தப் பிழையை அறுவையாலேயே திருத்தும் முயற்சியும் எளிதாக அமையவில்லை. தவறான குழாயை ஒரேயடியாகக் கட்டினால், அதுவரை இரத்தத்தைக் காணாத சிறிய ஈரல் வெள்ளத்தைத் தாங்காது, குடலில் இரத்தம் தேங்கி நாய் இறக்க நேரிடும். 1990களில் பரவிய அமெராய்ட் வளையம் இதற்கு ஒரு பொறுமையான தீர்வைத் தந்தது. எஃகு உறைக்குள் பொருத்திய கேசின் என்னும் பாற்புரத வளையம் குழாயைச் சுற்றி மாட்டப்பட்டதும், உடலின் ஈரத்தை உறிஞ்சி உள்நோக்கி மெல்ல ஊதி, சில வாரங்களில் அந்த வழியை அடைக்கிறது. ஈரல் அந்த வாரங்களில் இரத்தத்துக்குப் பழகி வளரத் தொடங்குகிறது. குட்டியின் உயிர்காத்த பால், வளையமாகவும் அதற்குள் நுழைந்தது என்பது இந்த வரலாற்றில் மனத்தை நெகிழச் செய்யும் ஒரு தற்செயல்.

பாவ்லோவின் விருப்பப்படி 1935இல் அவருடைய கழகத்தின் வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. நன்றியின் அடையாளமாக அது பொருத்தமானதே என்றாலும், அந்த நாய்கள் கற்றுத் தந்ததை வீட்டில் வளரும் குட்டிகளுக்குப் பயன்படுத்துவதே கடனைத் திருப்பும் வழி. அயர்லாந்து ஓநாய்வேட்டை நாய், கெய்ர்ன் டெரியர் ஆகிய இனங்களில் ஷன்ட் மரபுவழி வருகிறது என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, அங்கே குட்டிகளின் இரத்தத்தில் அம்மோனியாவை இளம் வாரங்களிலேயே அளந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. உடன்பிறந்தவற்றைவிடச் சிறுத்து, சாப்பிட்ட சிறிது நேரத்தில் மந்தமாகி, காரணமின்றி வட்டமிட்டுச் சுற்றும் குட்டி எங்கே இருந்தாலும், அதைச் சோம்பல் என்றோ மந்தபுத்தி என்றோ ஒதுக்கிவிடாமல், உணவுக்கு முன்பும் உணவுக்கு இரண்டு மணி நேரம் பின்பும் இரத்தத்தில் பித்த அமிலத்தை அளந்து பார்க்கும்படி வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.