தாம்பூலமும் உடன்படிக்கையும்

ஆத்தூர் வெற்றிலைக்குத் தாமிரபரணிக் கரையைத் தாண்டியும் பெயர் உண்டு. அந்த வெற்றிலை வெறும் வாய்மணத்துக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நிச்சயதாம்பூலம் மாற்றிவிட்டால் கல்யாணப் பேச்சு முடிந்தது. ஆனால் திண்ணையில் இரண்டு பேர் மாற்றிக்கொண்டால் அது தாம்பூலமாகாது. சபை கூட வேண்டும்.

தேசங்கள் மாற்றிக்கொள்ளும் தாம்பூலத்துக்கும் சபை உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதி செய்யும் உடன்படிக்கைக்கு, செனட் சபையில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். நம் நாட்டில் கையெழுத்திடுவது மத்திய சர்க்கார்தான். அதை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால், 253-வது ஷரத்தின்படி, மாநிலங்களுக்குரிய விஷயத்தில்கூடப் பார்லிமெண்ட் சட்டம் செய்யலாம்.

மண்ணையே கொடுப்பதென்றால்? 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் வங்காளத்துப் பெருபாரியைப் பங்கிட இசைந்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் அது முடியாது என்று 1960-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒன்பதாவது திருத்தம் பிறந்தது. ஆனால் 1969-ல், கட்ச் வழக்கில், அதே கோர்ட் ஒரு பேதம் காட்டியது: நம்முடையதைக் கொடுப்பது வேறு, தகராறிலிருக்கும் எல்லையைத் தீர்த்துக்கொள்வது வேறு. பின்னதற்குத் திருத்தம் வேண்டாம்.

இந்தப் பேதத்தின் பாரம் நம் கடல்மீதே விழுந்தது. 1974 மே மாதம் வங்காள தேசத்துடன் ஓர் ஒப்பந்தம். ஜூன் மாதம் இலங்கையுடன் மற்றொன்று. இரண்டிலும் கையெழுத்திட்டவர் இந்திரா காந்தி. முன்னது முழுமையாக நிறைவேற 2015-ல் நூறாவது திருத்தம் வேண்டியிருந்தது. பின்னதில், சுமார் 285 ஏக்கர் கொண்ட கச்சத்தீவு, திருத்தம் ஏதுமின்றியே கோட்டுக்கு அப்பால் போயிற்று. தகராறிலிருந்த தீவு, ஆகவே கொடுத்ததாகாது என்றது டில்லி. ராமநாதபுரம் ஜமீனுக்குரியது, ஆகவே நம் மண்ணே என்றது தமிழ்நாடு. 1974 ஆகஸ்டில் சட்டசபை தீர்மானம் போட்டது. 2008-ல் ஜெயலலிதா சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார்.

1976 மார்ச்சில் கோடு இன்னும் நீண்டு, முத்துச் சலாபத்துக்குப் பேர்போன மன்னார் வளைகுடாவையும் பிரித்தது. கூடவே பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டார் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது என்றன. அந்த மார்ச்சில் சென்னையில் சட்டசபையே இல்லை. ஜனவரி முடிவில் கலைத்திருந்தார்கள். டில்லியிலோ நெருக்கடி நிலை.

கையெழுத்து செல்லுமா என்பதைக் கோர்ட்டுகள் ஆராயலாம். ஆனால் அந்தக் கடலில் வலை வீசிப் பிழைத்தவனை எந்தச் சபைக்கு அழைத்தார்கள்? வெற்றிலைத் தட்டு கைமாறிய பிறகே அவனுக்குச் சேதி வந்தது.