கவிழ்தலும் நகர்தலும்

தரையில் நிற்கும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது நகரும், அல்லது கவிழும். இரண்டில் எது முதலில் நிகழும் என்பதை உராய்வையும் திருப்புத்திறனையும் கொண்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு விசையை, அதன் செயல்கோட்டுக்கும் சுழலும் விளிம்புக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். இலங்கைப் பாடநூல்களில் இதன் பெயர் திருப்பம்.

கூடத்தின் நடுவில் நிற்கும் ஓர் இரும்பு பீரோவை எடுத்துக்கொள்வோம். நிறை 80 கிலோ. அதாவது எடை ஏறத்தாழ 800 நியூட்டன். முன்பின்னாக ஆழம் 50 செ.மீ. அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான நிலை உராய்வுக் குணகம் 0.4 என்றால், உராய்வு 320 நியூட்டன் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் தள்ளினால் பீரோ நகரும். கவிழ வேண்டுமானால் தள்ளும் விசையின் திருப்புத்திறன் எடையின் திருப்புத்திறனை மிஞ்ச வேண்டும். எடை எதிர் அடி விளிம்பிலிருந்து 25 செ.மீ. தள்ளிச் செயல்படுவதால் அதன் திருப்புத்திறன் 200 நியூட்டன் மீட்டர். 120 செ.மீ. உயரத்தில் கைவைத்தால் 167 நியூட்டனிலேயே பீரோ சாயத் தொடங்கும். நகரும் கட்டம் வரவே வராது. 50 செ.மீ. உயரத்தில் தள்ளினால் கவிழ்க்க 400 நியூட்டன் வேண்டும். அதற்குள் 320-இலேயே அது நகர்ந்துவிடும்.

இரண்டுக்கும் இடையில் ஓர் எல்லை உயரம் இருக்கிறது: தள்ளும் திசையில் அடிப்பாகத்தின் பாதி அகலத்தை உராய்வுக் குணகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே 62.5 செ.மீ., ஏறக்குறைய தொடையளவு. இந்தச் சூத்திரத்தில் எடை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கனமான பொருள் எளிதில் கவிழாது என்ற நம்பிக்கை பாதிதான் சரி: கவிழ்க்கக் கூடுதல் விசை வேண்டும், ஆனால் நகர்த்தவும் அதே விகிதத்தில் கூடுதல் விசை வேண்டும். தரை சொரசொரப்பாக இருந்தால் எல்லை உயரம் இறங்கிவிடும். பிடிப்புள்ள தரை பாதுகாப்பானது என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது தரையின் செங்குத்து விசையில். அது எப்போதும் அடிப்பாகத்தின் நடுவிலேயே செயல்படுகிறது என்று படம் வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அது இடம் மாறுகிறது. மேலே தள்ளும் விசையும் கீழே எதிர்க்கும் உராய்வும் சேர்ந்து பொருளைச் சுழற்றும் இரட்டையாகின்றன. அதை ஈடுகட்டவே செங்குத்து விசை எதிர் விளிம்பை நோக்கி ஒதுங்குகிறது. நம் பீரோவை 120 செ.மீ. உயரத்தில் 100 நியூட்டன் விசையால் தள்ளினால் அது நடுவிலிருந்து 15 செ.மீ. விலகியிருக்கும். விலகல் 25 செ.மீ. ஆனதும் விளிம்பு வந்துவிடும். அதற்கப்பால் ஒதுங்க இடமில்லை. கவிழ்தலின் தொடக்கம் அதுதான். இன்னொரு பிழை, உராய்வை எப்போதும் அதன் உச்ச அளவிலேயே வைத்துக் கணக்கிடுவது. பொருள் அசையாத வரை உராய்வு, தள்ளும் விசை எவ்வளவோ அவ்வளவுதான்.

இந்தக் கணக்குகளுக்கு அடிப்படையான, உராய்வின் உச்ச அளவு செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை 1699-இல் பிரான்சின் கியோம் அமோந்தோன் வெளியிட்டார். பின்னர் இயற்பியலாளர் கூலும் விரிவான சோதனைகளால் அதை உறுதிப்படுத்தினார்.

சமதரையில் தள்ளும்போது பொருளின் மொத்த உயரம் கணக்கில் வருவதில்லை. கை வைக்கும் உயரம்தான் வருகிறது. சாய்தளத்தில் அப்படியல்ல. அங்கே சீரான செவ்வகக் கட்டையின் அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண் உராய்வுக் குணகத்தைவிடச் சிறியதானால், கட்டை சறுக்குவதற்கு முன்பே கவிழும். சாயத் தொடங்கிய பொருளுக்கும் உயரம் முக்கியம். ஈர்ப்பு மையம் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் நம் பீரோ சுமார் 15.5 பாகை சாய்ந்ததுமே எடையும் கவிழ்தலின் பக்கம் சேர்ந்துகொள்ளும். சாயச் சாய எடையின் எதிர்ப்புக் குறைந்துகொண்டே வருவதால், விழுகிற பீரோவைக் கையால் நிறுத்த முயல்வது ஆபத்தானது.

நகரும் பொருள் டைல்ஸ் விளிம்பிலோ வாசற்படியிலோ இடித்தால் இனி சறுக்க வழியில்லை. கவிழ்தல் மட்டுமே மிஞ்சும். பக்கவாட்டில் சறுக்கும் கார், சாலையோரக் கல்லில் சக்கரம் முட்டிப் புரள்வதும் இப்படித்தான்.

தள்ளாமலேயும் கவிழ்க்கலாம். 30 கிலோ நிறையும் 45 செ.மீ. ஆழமும் உள்ள இழுப்பறை மேசையில், முன் விளிம்பிலிருந்து 40 செ.மீ. வெளியே இழுத்த அறையின் முனையில் 20 கிலோ குழந்தை தொங்கினால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 80 நியூட்டன் மீட்டர், தடுப்பதோ 67.5 மட்டுமே. இப்படி அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறப்பதைத் தடுக்க அமெரிக்கா 2022-இல் சட்டமே இயற்றியது; துணி வைக்கும் அலமாரிகளை 27 கிலோ வரையிலான குழந்தையின் எடையைக் கொண்டு சோதிக்க அது கோருகிறது. வீட்டில் செய்யக்கூடியது, அலமாரியைச் சுவரோடு பட்டையால் பிணைப்பது. பட்டையை உச்சியருகே பூட்ட வேண்டும்: அடி விளிம்பிலிருந்து தொலைவு கூடக் கூட, கவிழ்தலைத் தடுக்க அது தாங்க வேண்டிய இழுவிசை குறையும்.