டெப்ஹெல்பர்

டெப்ஹெல்பர் என்பது டெபியன் இயங்குதளத்துக்கான மென்பொருள் பொதிகளை உருவாக்க உதவும் கருவித்தொகுப்பு. இதை 1997இல் ஜோயி ஹெஸ் எழுதினார். கோப்புகளை உரிய இடத்தில் வைப்பது, கையேடுகளைச் சுருக்குவது, அனுமதிகளைச் சீராக்குவது என ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கட்டளை உண்டு. தொடக்கத்தில் பொதிப் பராமரிப்பாளர்கள் இவற்றைப் பொதியை உருவாக்கும் படிகளுக்கான ‘ரூல்ஸ்’ கோப்பில் வரிசையாக எழுதினர். பொதிக்குப் பொதி அதே வரிகள் திரும்ப வந்தன. 2008இல் 7ஆம் பதிப்போடு வந்த ‘டிஎச்’ கட்டளை அந்த வரிசையையே இயல்பிருப்பாக்கியது. எளிய பொதிக்கு இன்று அந்தக் கோப்பில் மூன்று வரிகள் போதும். எந்தக் கோப்பு எங்கே சேரவேண்டும் என்பதை ‘இன்ஸ்டால்’ கோப்பில் அறிவித்தால், மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

இயல்பிருப்புகள் உள்ளே நடப்பதை மறைக்கின்றன என்ற எதிர்ப்பில் உண்மை உண்டு. ஆனால் ‘நோ-ஆக்ட்’ தெரிவு கட்டளைகளை இயக்காமலே காட்டிவிடும். மாற வேண்டிய படியை மட்டும் ‘ஓவர்ரைடு’ இலக்கால் மாற்றலாம். ஆகவே ‘ரூல்ஸ்’ கோப்பில் எஞ்சுவது அந்தப் பொதிக்கே உரிய விலக்கு மட்டும். பிறர் எழுதியதைச் சரிபார்ப்பவருக்கு இதுவே பெரிய ஆதாயம். கருவி மாறினால் பழைய பொதி உடையும் என்ற அச்சத்துக்கு ‘காம்பாட்’ நிலை எண் விடையளிக்கிறது: பொதி கோரிய நிலையின் நடத்தையே அதற்குக் கிடைக்கும். மிகப் பழைய நிலைகள் மட்டும் காலப்போக்கில் நீக்கப்படுகின்றன.