மெய்க்காவல் திட்டமிடலில் ஆளில்லா வானூர்தி அச்சுறுத்தல்: ஒரு வரலாற்று நோக்கு (2013–2024)

ஆய்வுச்சுருக்கம்

தலைவர்களுக்கான மெய்க்காவல் ஏற்பாடுகள் தரைவழி அச்சுறுத்தலை மையமாகக் கொண்டு உருவானவை. அவற்றின் எந்தெந்த இடைவெளிகளைச் சிறிய ஆளில்லா வானூர்திகள் (ட்ரோன்) வெளிப்படுத்தின என்பதை ஐந்து நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்க்காவல், ட்ரோன், காவல் வளையம், முன்னறிதல்.

முன்னுரை

மெய்க்காவல் என்பது ஒன்றனுள் ஒன்றாக அமையும் காவல் வளையங்களால் ஆனது. 1963இல் டாலஸ் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி உயர்ந்த கட்டடமொன்றின் சாளரத்திலிருந்து சுடப்பட்டார். சாளரங்களும் கூரைகளும் காவலின் எல்லைக்குள் வரவேண்டியதன் தேவையை அது உணர்த்தியது. ஆயினும் அவை தரையோடு பிணைந்த இடங்களே. அங்கே காவலரை முன்கூட்டியே நிறுத்த இயலும். திறந்த வானில் அவ்வாறு நிறுத்த இயலாது.

எதிர்ப்பும் விபத்தும்

2013 செப்டம்பர் 15 அன்று டிரெஸ்டன் நகரத் தேர்தல் கூட்டத்தில், ஜெர்மன் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் இருந்த மேடையருகே ஒரு சிறு ட்ரோன் விழுந்தது. அரசின் கண்காணிப்பை எதிர்த்துப் பைரேட் கட்சியினர் அதனைச் செலுத்தியிருந்தனர். எவருக்கும் தீங்கு நேரவில்லை.

2015 ஜனவரி 26 அதிகாலையில் வெள்ளை மாளிகை வளாகத்தில் ஒரு ட்ரோன் விழுந்தது. குடியரசுத் தலைவர் ஒபாமா அப்போது இந்தியக் குடியரசு நாள் விழாவிற்காகப் புதுதில்லியில் இருந்தார். செலுத்தியவர் பணிநேரத்தில் இல்லாத அரசு ஊழியர். அவருக்குத் தீய நோக்கம் இல்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று, சிறிதளவு கதிரியக்கம் கொண்ட மணலுடன் ஒரு ட்ரோன் ஜப்பானியப் பிரதமர் அலுவலகக் கூரையில் கண்டெடுக்கப்பட்டது. அணுமின் கொள்கையை எதிர்த்து அதனைச் செலுத்தியவர், ஏப்ரல் 9 அன்றே அனுப்பியதாகக் கூறினார். ஏறத்தாழ இரு வாரங்கள் அது எவர் கண்ணிலும் படவில்லை.

தாக்குதலும் வேவும்

2018 ஆகஸ்ட் 4 அன்று கராகஸ் நகரப் படை அணிவகுப்பில் வெனிசுவேலாவின் குடியரசுத் தலைவர் மதுரோ உரையாற்றுகையில், வெடிபொருள் ஏந்திய இரு ட்ரோன்கள் வெடித்தன. ஏழு படைவீரர்கள் காயமுற்றதாக அரசு அறிவித்தது. மெய்க்காவலர் குண்டு துளைக்காத கேடயங்களை விரித்துத் தலைவரை மறைத்தனர். உள்வளையம் விரைந்து செயற்பட்டது. வெளிவளையங்களோ முன்னரே கடக்கப்பட்டுவிட்டன.

2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் மீது துப்பாக்கியால் சுட்டவர், அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு முன் கூட்டத்திடலுக்கு அருகே ட்ரோன் பறக்கவிட்டு வேவு பார்த்தார். ட்ரோன்களைக் கண்டறியும் கருவி அங்குக் கொண்டுவரப்பட்டிருந்தும் தொழில்நுட்பக் கோளாற்றால் அந்நேரத்தில் இயங்கவில்லை. இங்கு ட்ரோன் ஆயுதமன்று. ஆயுதத்திற்கு வழிகாட்டிய கண்.

மதிப்பீடு

வானில் தோன்றும் கணத்தில் எதிர்ப்பாளரின் ட்ரோனும் கொலையாளியின் ட்ரோனும் ஒன்றுபோலவே தோன்றும். சுட்டு வீழ்த்தினால் சிதறல்கள் மக்கள்மீது விழக்கூடும். அலைகளைத் தடுத்தால் காவலரின் தகவல் தொடர்பும் பாதிக்கப்படலாம். வாளாவிருந்தால் தலைவரின் உயிருக்கே ஊறு நேரலாம். இம்முடிவைச் சில நொடிகளில் எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது நிகழ்ச்சிக்கு முன்பே வரையறுக்கப்படுதல் வேண்டும்.

முடிவுரை

ஐந்து நிகழ்வுகளிலும் பொதுவாகக் காணப்படும் குறை, உரிய நேரத்தில் அறிந்து தடுக்க இயலாமையே. கருவியை வாங்குவது மட்டும் திட்டமாகாது. கருவி பழுதுற்றால் கூட்டத்தைத் தாமதப்படுத்துவதா, இடத்தை மாற்றுவதா என்பதையும் உள்ளடக்கியதே முழுமையான மெய்க்காவல் திட்டமாகும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.