நிறுத்துதலின் சரித்திரம்

1909ஆம் ஆண்டு இத்தாலியக் கவிஞர் மரிநெட்டி தம் எதிர்காலவியல் பிரகடனத்தை வெளியிட்டு, பந்தயக் காரின் வேகத்தை அழகின் புதிய இலக்கணமாக அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டில், மிலான் நகருக்கு அருகே எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள்காரர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பி, காரோடு பள்ளத்தில் கவிழ்ந்தவரும் அவரே. வேகத்தைப் பாடியவர்கள் பலருண்டு. ஓடுகின்ற வண்டியை நிறுத்துவதற்கு மனிதன் பட்ட பாட்டைச் சொல்பவர்கள் குறைவு. அந்தக் கதையைச் சற்றே சொல்லிப் பார்க்க விழைகிறோம்.

பந்தய வீரர் அல்லாத சாமானியரும் கட்டணம் செலுத்தித் தம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளை 'டிராக் டே' என்கிறார்கள். 1927இல் திறக்கப்பட்ட ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம், பந்தயமில்லாத நாட்களில் பொதுமக்களுக்கும் கட்டண வழியாக இருந்து வந்திருக்கிறது. இத்தகைய நாளுக்குச் செல்பவர் பிரேக்கையும் டயரையும் எவ்வாறு பேண வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பார்வைக்கு அது மெக்கானிக்கின் துண்டுச் சீட்டு போலத்தான் இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எங்கோ, எவருக்கோ நேர்ந்த ஒரு தோல்வி நிற்கிறது.

முதலில் ஓர் எளிய கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்து, ஒரு வளைவுக்கு முன் 90 கிலோமீட்டருக்குக் குறைகிறது என்று கொள்வோம். அந்தச் சில நொடிகளில் ஏறத்தாழ 14 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அடுத்த வளைவில் மீண்டும் அதே அளவு. பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் கரைக்கும் கருவி. அந்த வெப்பம் போக வழியில்லாவிட்டால் பிரேக் தோற்றுவிடும்.

இந்த உண்மையைக் கற்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1902ஆம் ஆண்டு இரண்டு வழிகள் பிறந்தன. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லான்செஸ்டரின் செப்புப் பட்டைகள் காது கிழியக் கிரீச்சிட்டன, விரைவில் தேய்ந்தும் போயின. உலகம் ரெனோவின் பின்னால் போயிற்று. டிரம் பிரேக்கிலோ உராய்வு முழுவதும் மூடிய பெட்டிக்குள் நிகழ்கிறது. சூடேறச் சூடேற டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். மிதி ஆழத்திற்குப் போகும். காரோ நிற்க மறுக்கும்.

1953ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் நிறுவனம் டன்லப் தயாரித்த டிஸ்க் பிரேக்குகளுடன் வந்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டிய கார் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் சராசரியில் வென்றது. மற்ற இரண்டு ஜாகுவார்களுக்கு இரண்டாம் இடமும் நான்காம் இடமும். திறந்த வெளியில் சுழலும் இரும்புத் தட்டு காற்றில் குளிர்ந்துகொண்டே இருந்ததால், அவர்களால் வளைவுக்கு மிக அருகில் சென்று பிரேக் மிதிக்க முடிந்தது. தாமதமாக நிறுத்தத் தெரிந்தவன் அதிக நேரம் வேகமாகப் போனான்.

இரண்டே ஆண்டுகளில் அதே இடத்தில் பேரிடி விழுந்தது. 1955ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று, டிஸ்க் பிரேக் கொண்ட ஜாகுவாரில் வந்த மைக் ஹாதார்ன், பழுது பார்க்கும் பகுதிக்குள் நுழைவதற்காக வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லான்ஸ் மேக்லின் விலகினார். அவருக்கும் பின்னால் பெருவேகத்தில் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் அவர் கார்மீது ஏறி, பார்வையாளர் பக்கம் பறந்து சிதறியது. லெவேயும் 80க்கு மேற்பட்ட பார்வையாளர்களும் மாண்டனர். மெர்சிடிஸில் இருந்தவை டிரம் பிரேக்குகள். அவற்றுக்குத் துணையாகக் காரின் பின்புறம் காற்றைத் தடுக்கும் ஒரு மடிப்புத் தகடும் இருந்தது. விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. அந்த வேகங்களுக்குப் பொருந்தாத தடமே குற்றம் சாட்டப்பட்டது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. ஒருவரின் பிரேக் அவர் ஒருவரின் உடைமை அன்று. முன்னால் செல்பவரும் பின்னால் வருபவரும் வேலிக்கப்பால் நிற்பவரும் அதில் பங்குதாரர்கள்.

பட்டியலின் முதல் வரி பிரேக் ஆயில். மால்கம் லாக்ஹெட் 1917இல் காப்புரிமை பெற்ற திரவ பிரேக் முறை, 1921இல் லெ மானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் டூசன்பர்க் காருக்கு வெற்றி தேடித் தந்தது. காலின் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் திரவம் கொண்டு செல்லும். ஆனால் இன்று வழங்கும் கிளைக்கால் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' தரத்தில் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அதே தரம். இந்த இடைவெளியில்தான் ஆபத்து குடியிருக்கிறது. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. கால் மிதியைத் தரைவரை மிதித்தாலும் சக்கரத்திற்குச் செய்தி போய்ச் சேராது. ஆகவே தடத்திற்குச் செல்லுமுன் புது ஆயில் மாற்றுவதைச் செலவென்று எண்ணலாகாது.

அடுத்த வரி, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுதல். ஓடும்போது கிடைத்த காற்று நின்றபின் கிடைப்பதில்லை. வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்திற்குக் கல் வைப்பது வழக்கம். பேட் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் பார்க்க வேண்டும்.

டயர் பற்றிய வரிகளுக்கு 2005ஆம் ஆண்டே உரை எழுதிற்று. அவ்வாண்டு ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாதென்று விதி இருந்தது. மே மாதம் நூர்பர்க்ரிங்கில் முன்னணியில் ஓடிய கிமி ரைக்கோனனின் காரில் சக்கரம் பூட்டிக்கொள்ள, டயர் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து தட்டையானது. சுற்றுக்குச் சுற்று அதிர்வு கூடிற்று. கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்தது. அதிர்வு ஒரு செய்தி. அதைக் கேட்டு உள்ளே வர வேண்டும்.

அடுத்த மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், சாய்தளமுள்ள வளைவொன்றில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷலின் டயர் பழுதாகி விபத்து நேர்ந்தது. இந்த டயர்களுக்கு உறுதி கூற இயலாது என்று மிஷலின் நிறுவனமே சொல்லிற்று. பந்தய நாளன்று 14 கார்கள் தொடக்கச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட, ஆறு கார்கள் மட்டும் ஓடின. கூட்டம் வெகுண்டது. மிஷலின் பிறகு நுழைவுச் சீட்டுக்குப் பணம் திருப்பித் தந்தது. அன்று அந்த அணிகள் ஓடாதிருந்ததையும் பராமரிப்பு என்றே நாம் எண்ணுகிறோம்.

சாமானியர் செய்யக்கூடியது எளியது. டயர் குளிர்ந்திருக்கையில் காற்று அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் அழுத்தம் உயருமாதலால் மீண்டும் அளந்து, மிகுந்ததை வெளிவிட வேண்டும். வீடு திரும்புமுன் பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும். மொட்டையாகிவிட்டதா, பக்கவாட்டில் வெடிப்புண்டா என்று நோக்க வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கிலக்க எண் அதன் பிறந்த நாள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் முழுதாய் இருந்தாலும் ரப்பருக்கு முதுமை உண்டு.

நம் பக்கத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நெடுநாள் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் இருக்கிறது. அதன் வாயிலைத் தாண்டினால் பெங்களூர் நெடுஞ்சாலை. தடத்தில் ஓடிய கார் பலவேளைகளில் வீட்டுக்கும் அதே பிரேக்கோடு, அதே டயரோடுதான் திரும்புகிறது. தடத்தில் வளைவு எங்கே வரும் என்று ஓட்டுபவருக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வருபவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. காரை எடுக்குமுன் ஒருமுறை குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது அவருக்காகத்தான்.