ஊசியில்லா ஊசி

தமிழில் ஊசி என்னும் ஒரு சொல்லே கருவியையும் குறிக்கிறது. மருந்து செலுத்தும் செயலையும் குறிக்கிறது. ஆகவே ஊசியின்றி ஊசி போடுதல் என்றால் கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் அத்தகைய முறையொன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்ததேயாகும். எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட்டும் லியோனில் சார்லஸ் பிராவாசும் உட்டுளையுள்ள ஊசியைக் கையாண்ட ஆண்டு 1853. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1866-இல், நீரை மிக்க விசையுடன் தோலுக்குள் பாய்ச்சும் கருவி பாரிஸ் மருத்துவக் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. ஊசி உலகெங்கும் பரவிற்று; நீர்ப்பாய்ச்சுக் கருவியோ மறக்கப்பட்டது.

அதனை மீண்டும் நினைவூட்டியது தொழிற்சாலை விபத்து. டீசல் எந்திரங்களிலும் மசகு பீச்சும் துப்பாக்கிகளிலும் எண்ணெய் பேரழுத்தத்துடன் நுண்துளை வழியே வெளிப்படும். கவனமின்றி விரலை நீட்டிய தொழிலாளியின் தோலில் ஒரு சிறு புள்ளியே தெரியும். உள்ளேயோ எண்ணெய் ஆழப் புகுந்து விரலையே கெடுத்துவிடும். தீங்கு செய்த அவ்விசையையே நன்மைக்குத் திருப்பலாம் என 1930-களில் எண்ணியவர் மார்ஷல் லாக்ஹார்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவருக்கு 1943-இல் உரிமைப் பட்டயம் கிடைத்தது. மருத்துவர் ராபர்ட் ஹிங்சன் 1947-இல் நோயாளரிடம் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்.

இக்கருவிக்குப் பெரும்புகழ் தந்தது விரைவு. அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த ஆரன் இஸ்மாக், மின்சாரம் வேண்டாது காலால் மிதித்து இயக்கும் வகையை 1960-களில் உருவாக்கினார். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேருக்கு மருந்து செலுத்தலாம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் பெரியம்மையை எதிர்த்த பணியில் இது பேருதவி புரிந்தது. ஆயினும் 1980-இல் பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, பெரும்பாலான நாடுகளில் வேலையை முடித்து வைத்திருந்தது வேறொரு கருவி: இரு முனையுடைய சிறிய எஃகு ஊசி. பழுது பார்க்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்தால் மீண்டும் பயன்படும். மருந்தும் முன்னையிலும் நான்கில் ஒரு பங்கே போதும். சிற்றூர்களுக்கு இதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

விரைவை வியந்தோர் துளைமுகத்தைப் போதிய அளவு உற்றுநோக்கவில்லை போலும். பாயும் மருந்து தோலில் பட்டுச் சிறிது திரும்பித் தெறிக்கும்; அதனுடன் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் தெறித்து முனையில் ஒட்டும். அடுத்தவருக்கும் அதே முனைதான். 1984, 1985 ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு வந்தோரில் 31 பேருக்குப் பி வகை ஈரல் அழற்சி கண்டது. காரணம் இக்கருவியே எனத் தெரிந்தது. 1997-இல் அமெரிக்கப் படையினரும் அதனைக் கைவிட்டனர். பிறகு வந்தவை, தோலைத் தொடும் பகுதியை ஒவ்வொருவருக்கும் மாற்றிவிடுபவை. அகமதாபாத்தில் உருவாகி 2021-இல் அவசர அனுமதி பெற்ற கொரோனாத் தடுப்பு மருந்து இவ்வகைக் கருவியால் செலுத்தப்பட்டது.

ஊசிக்கு அஞ்சுவோரை மகிழ்விக்கவே இதனைத் தேடுகின்றனர் என்று கருதுதல் முழு உண்மையன்று. நீரில் எளிதில் கரையாத மருந்துகள் பல உள்ளன. அவற்றை நுண்துகளாக்கி நீரில் மிதக்கவிட வேண்டும். அன்றி எண்ணெயில் கலக்க வேண்டும். இரண்டாயினும் கலவை தடித்துவிடும். தடித்த திரவம் மெல்லிய குழலில் எளிதில் ஓடாது. குழலின் விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் 1840-ஐ ஒட்டிக் கண்ட விதி இது. ஆகையால் பருத்த ஊசி வேண்டும், வலியும் மிகும். பீச்சுக் கருவியிலோ துளை மயிரிழை போன்றதாயினும் நீண்ட குழல் இல்லை. நைட்ரஜன் வாயுவோ சுருள்வில்லோ தரும் பேரழுத்தம் மருந்தை ஒரு நொடிக்குள் உட்செலுத்திவிடும்.

மருந்தைக் கருவி கரைத்துவிடும் என்று மயங்க வேண்டா. உடலினுள் சென்றபின் அது மெல்லவே கரையும். சில மருந்துகளுக்கு அதுவே வேண்டற்பாலது. 1950-களில் வழக்கிற்கு வந்த பென்சாதைன் பெனிசிலின் அத்தகையது. பால்போல் வெளுத்துத் தடித்தது. தசையில் தங்கி வாரக்கணக்கில் கரைவது. கீல்வாதக் காய்ச்சலால் இதயம் பழுதுறும் அபாயமுள்ள பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை, பல்லாண்டுகள், இதனைப் போடுகின்றனர். வலிக்கு அஞ்சி ஒரு தவணை தவறினாலும் நோய் திரும்பக்கூடும். ஊசியில்லா முறை எவருக்கேனும் இன்றியமையாததாயின் இப்பிள்ளைகளுக்கே எனலாம்.

தடையாக நிற்பது அளவு. பெரிய பிள்ளைக்கு வேண்டிய 12 இலட்சம் அலகு மருந்து ஏறத்தாழ 2 மில்லிலிட்டர். பீச்சுக் கருவிகள் ஒருமுறையில் செலுத்துவது பெரும்பாலும் அரை முதல் ஒரு மில்லிலிட்டர். மிதக்கும் துகள் துளையை அடைப்பதும் உண்டு. மனநோய்க்கான ரிஸ்பெரிடோனைத் தடித்த கலவையாக்கி ஊசியின்றிச் செலுத்த ஸோஜெனிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2010-களில் முயன்றது. அது விற்பனைக்கு வரவில்லை. பென்சாதைன் பெனிசிலினும் இன்றளவும் பருத்த ஊசியின் வழியாகவே பிள்ளைகளின் தசையில் இறங்குகிறது.